சம்மர்ஹில் பள்ளி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சபோக் பிரதேசத்து லெய்ஸ்டன் என்னும் சிற்றூரில் நடைபெறும் தனியார் உறைவிடப் பள்ளி. இதன் ஸ்தாபகரான ஏ. எஸ். நீல் 1883இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தம் தந்தையார் தோல்வாரின் துணையோடு பாடம் புகட்டிவந்த கிராமப் பள்ளியிலேயே மாணாக்கராயிருந்து, பின்னர் அங்கேயே பயிற்சி உபாத்தியாயராகவும் அமர்ந்து, அச்சத்தினால் வரும் கல்வி எத்தகையது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். அவர் 1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரையடுத்த ஹெல்லராவில் தொடங்கிய முயற்சி, ஆஸ்திரியாவில் சில காலம் தங்கி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸை அடைந்து, அங்கே குடியிருந்த வீட்டின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு, 1927இல் லெய்ஸ்டனில் நிலைபெற்றது.

இங்கே பாடவேளைகள் உண்டு. ஆனால் வகுப்புக்கு வரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. பிற பள்ளிகளில் கல்வியை வெறுத்து வந்த குழந்தைகள் மாதக்கணக்கில் விளையாடியே பொழுதுபோக்குவதும், பின்னர் தாமாகவே வகுப்பறையை நாடுவதும் இங்கே சாதாரணம். வெளியார் இதனையே பெரிதும் பேசுவர். எனினும் பள்ளியின் ஜீவன் இருக்குமிடம் அதன் பொதுச்சபையே எனல் வேண்டும்.

மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே கூடும் அச்சபையில், ஐந்தாறு வயதுக் குழந்தைக்கும் தலைமையாசிரியருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். உறங்கும் நேரம் எது, சைக்கிளை எங்கே ஓட்டலாம், பிறர் பொருளை எடுத்தவனுக்கு என்ன அபராதம் என்பனவெல்லாம் அங்கேயே விவாதித்து முடிவு செய்யப்படும். கைச்செலவுப் பணத்தில் ஒரு பகுதியை இழப்பது, உணவுக்குப்பின் வரும் இனிப்பை இழப்பது போன்றவையே அங்கு விதிக்கப்படும் தண்டனைகள். நீல் கொண்டுவந்த யோசனைகளே தோற்றதுண்டு. உயிருக்கு ஆபத்து விளையக்கூடியவற்றையும், ஆசிரியர் நியமனம், பணவரவு முதலியவற்றையும் மட்டும் பெரியோர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டனர். தன்னிஷ்டம்போல் நடப்பது ஒருவனுடைய உரிமை, பிறர் நிம்மதியைக் கெடுப்பது எவனுக்கும் உரிமையன்று என்னும் தர்மத்தை உபதேசத்தால் அன்றி, தினசரி வழக்குகளாலேயே குழந்தைகள் கற்கின்றனர். இதைவிடச் சிறந்த பிரஜாதர்மப் பயிற்சியைப் பாடநூலால் தரவியலாது.

இம்முறைக்கு முன்மாதிரி, குற்றம் செய்த சிறுவர்களுக்காக ஹோமர் லேன் என்ற அமெரிக்கர் டார்செட்டில் நடத்திய சுயாட்சிக் குடியிருப்பு. சிக்மண்ட் பிராய்டின் மனோதத்துவத்தில் நீலுக்கு ஈடுபாடு உண்டானதும் லேனின் தொடர்பாலேதான்.

1949இல் வந்த அரசாங்கப் பரிசோதகர்கள், சிறுவர் வகுப்புகளின் போதனையில் குறை கண்டபோதிலும், குழந்தைகளின் உற்சாகத்தையும் இயல்பான நற்பண்பையும் மனமுவந்து பாராட்டினர். 1960இல் அமெரிக்காவில் வெளியான நீலின் நூல் பள்ளியை உலகறியச் செய்தது. 1973இல் அவர் மறைந்தபின் மனைவியாரும், 1985 முதல் மகளும் பொறுப்பேற்றனர். 1999இல் நடந்த பரிசோதனையைத் தொடர்ந்து, வகுப்புக்கு வருவதை மாணவர் விருப்பத்துக்கு விடலாகாது என்று கல்வித்துறை நெருக்கவே, பள்ளி வழக்காடிற்று. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் ராயல் நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கையில் அரசுத் தரப்பு சமரசத்துக்கு இசைந்தது. அந்த நிபந்தனைகளை ஏற்பதா என்பதை, நீதிமன்ற அறையிலேயே சபை கூட்டி, மாணவர்களே வாக்களித்துத் தீர்மானித்தனர்.