வில்லும் வியர்வையும்

வயலின் வில்லின் இன்றைய வடிவத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் செம்மைசெய்தவர், பாரிசு நகரக் கைவினைஞர் பிரான்சுவா தூர்த். வலிமையும் நெகிழ்வும் ஒருங்கே வாய்ந்த பெர்னாம்புக்கோ மரத்தை அவர் தேர்ந்தமையை இசை வரலாறு போற்றுகின்றது. அம்மரம் அவரது பட்டறையை வந்தடைந்த வழியையும் நாம் நோக்குதல் வேண்டும்.

1500 ஆம் ஆண்டிற் பிரேசிலில் இறங்கிய போர்த்துக்கேயர், ஐரோப்பியத் துணிகளுக்குச் செஞ்சாயம் பெறவே அம்மரத்தை நாடினர். கோடரிக்கும் கத்திக்கும் ஈடாகத் தூப்பி மக்கள் அதனை வெட்டிச் சுமந்தனர். பிரேசில் என்னும் பெயரே அம்மரத்தால் வந்ததுதான். நூற்றாண்டுக் கணக்கில் வெட்டுண்டு அருகிய அதன் வணிகத்தை 2007 இல் அனைத்துலக உடன்படிக்கை கட்டுப்படுத்திற்று.

தூர்த்தின் பெயர் நிலைத்துள்ளது. மரஞ் சுமந்தோர் பெயரை எவரும் எழுதிவைத்திலர். வில்லின் வரலாற்றை எழுதுவோர் பட்டறை வாசலோடு நின்றுவிடலாகாது. காடுவரை சென்று அவ்வுழைப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.