கைக்கடிகாரத் தோல்வாரும் இரு நாட்டு உழைப்பும்

ஈப்போ மாநகரின் பழைய நகரப் பகுதியில் 1909ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற மணிக்கூண்டு இன்றும் நிற்கின்றது. பேராக்கின் முதல் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்து, 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்சின் நினைவாக அமைந்தது அது. நகரத்தார்க்குக் காலத்தை அறிவித்தது மணிக்கூண்டு. தோட்டத்துத் தமிழர்க்கோ விடியற்காலைப் பெரட்டே காலத்தை அறிவித்தது. குளிர்ந்த வைகறையில்தான் ரப்பர் மரத்தில் பால் மிகுதியாக வடியும். ஆதலின் இருள் பிரியுமுன் லயத்தினின்று புறப்பட்டுப் பெயர் கொடுத்து நிரைக்குச் செல்லுதல் தோட்ட நியதியாயிற்று. அங்கே நேரம் துரையினுடையது. அதற்கிணங்க எழும் உடல் மட்டுமே தொழிலாளியினுடையது.

அத்தகைய வாழ்விலிருந்து எழுந்து வந்தோர்க்குக் கைக்கடிகாரம் வெறும் அணிகலன் அன்று. நேரம் தம் வசமாயிற்று என்பதன் அடையாளம். ஆயினும் கடிகாரத்தின் முகப்பை நோக்குவோர் அதனைக் கையோடு பிணைக்கும் தோல்வாரை நோக்குவதில்லை. அவ்வாரின் வரலாற்றிலோ தமிழகத்தின் பெயர் அடங்கியிருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடவர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் படைவீரர் சிலர் பைக்கடிகாரத்தைத் தோலுறையில் இட்டு மணிக்கட்டில் கட்டினர். 1904இல் பாரிசு நகரக் கார்த்தியே நிறுவனத்தார், வானூர்தி ஓட்டிய பிரேசில் நாட்டுச் சாந்தோசு துமோனுக்கெனத் தோல்வாருடன் கூடிய கைக்கடிகாரம் செய்தளித்தனர். முதல் உலகப் போர் அவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

அதே போரில் பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்குத் தமிழகத் தோல் பெருமளவில் சென்றது. கிழக்கிந்தியத் தோல் என்று வாணிகர் வழங்கிய அது, ஆவாரம் பட்டையாற் பதனிடப்பட்டது. வெயிலிற் சிவக்காதிருக்கக் கடுக்காய்ச் சாறும் ஊட்டப்பட்டது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஒன்றான ஆவிரையே இந்த ஆவாரை. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்திலும் தோல் தைக்கும் வினைஞர் வாழ்ந்தனர். தொன்மையான இத்தொழிலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பிற்காலத்தில் நிலைக்களனாயின. அவை யாவும் அக்கால வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று என்பது இங்கே கருதத்தக்கது. ஒரே மண் தோலையும் அனுப்பியது. தோட்டத்துக்கு மனிதரையும் அனுப்பியது. தோல் அரைகுறையாகப் பதனிட்ட நிலையில் கப்பலேறி, இலண்டனில் மெருகு பெற்றுப் பிறர் பெயரில் விற்பனையாயிற்று. தோட்டத்து ரப்பரும் அவ்வாறே தாளாகச் சென்று பிறர் பெயரில் பொருளாயிற்று. 1980இல் சுவிட்சர்லாந்தின் ஊப்லோ நிறுவனத்தார் பொற்கடிகாரத்துக்கு ரப்பர் வார் பூட்டி உலகை வியக்கச் செய்தனர். பொன்னுக்கு நிகராக ரப்பரை வைத்தோர் பெயர் நிலைத்தது. பால் எடுத்தோர் பெயரை எவரும் குறித்து வைத்திலர்.

இவ்வரலாற்றை அறிந்தவர் வாரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வேறாகும். முதலில் வாரைத் தாங்கும் கொம்புகளின் இடைவெளியை அளத்தல் வேண்டும். அது பெரும்பாலும் 18, 20 அல்லது 22 மில்லிமீட்டராக இருக்கும். அடுத்து மணிக்கட்டின் சுற்றளவு. கடைவார் பலவும் கொக்கிப் பக்கம் 75, துளைப் பக்கம் 115 மில்லிமீட்டர் என்ற அளவில் அமைவதால், மெலிந்த கைக்கும் பருத்த கைக்கும் அளவெடுத்துச் செய்வித்தலே பொருந்தும். தையலில், ஒரே துளையினூடே இரண்டு ஊசிகள் எதிரெதிர் செல்லும் கைத்தையல் சிறந்தது. ஓரிழை அறுந்தாலும் மற்றையது தாங்கும்.

பட்டையாற் பதனிட்ட தோல் நாட்பட நிறம் ஆழ்ந்து அழகு பெறும். எனினும் வியர்வையையும் மழையையும் எளிதில் உறிஞ்சும். குரோமிய உப்பாற் பதனிட்ட தோல் ஈரத்தைச் சற்று மிகுதியாகத் தாங்கும். பேராக்கின் புழுக்கத்தில் எவ்வாராயினும் நாள்தோறும் கட்டினால் உள்தோல் விரைவில் நையும். இரண்டு வார்களை மாற்றி மாற்றிக் கட்டுதலும், கழற்றியபின் நிழலில் உலர்த்துதலும் நன்று. முதலைத்தோல் விரும்புவோர், அதன் வாணிகம் 1975இல் நடப்புக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதை மறத்தலாகாது.

இறுதியாகக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இத்தோல் எங்கே, எவ்வாறு பதனிடப்பட்டது? பதனிடு ஆலைகளின் கழிவு பாலாற்றையும் வேலூர்ப் பகுதி நிலத்தையும் கெடுத்ததை இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கண்டித்தது. வாரின் விலையில் தோலின் விலை மட்டும் அடங்கவில்லை; ஓர் ஆற்றின் நலமும் அடங்கியுள்ளது.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. லயங்கள் பலவும் மறைந்தன. பெரட்டுக்கு எழுந்தோரின் பேரப்பிள்ளைகள் விரும்பிய கடிகாரத்தை விரும்பிய வாரோடு கட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துள்ளனர். அது போற்றத்தக்க உயர்வே. ஆயினும் வாரைக் கொக்கியில் மாட்டும் அவ்வொரு கணத்தில், தோலைப் பதனிட்ட கைகளையும் பால்மரம் சீவிய கைகளையும் எண்ணிப் பார்ப்பார்களாயின், மணிக்கட்டில் இருப்பது காலத்தின் அளவு மட்டுமன்று, தம் முன்னோர் வரலாறும் ஆகும் என்பது விளங்கும்.