கல்லும் காசமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி செல்வோர் கண்ணில் தொலைவிலேயே படுவது திருமயத்துக் கோட்டை. சேதுபதி மன்னர் 1687இல் எழுப்பியது எனப்படும் அக்கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறையின் அடியில், சத்தியகிரீசுவரருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாளுக்குமாக இரண்டு குடைவரைகள் அருகருகே அமைந்துள்ளன. பள்ளிகொண்ட பெருமாளின் நெடிய திருமேனியைக் கண்டு வியவாதார் இலர்.

இப்பாறை பலவற்றைப் பேசுகிறது. இசை பற்றிய கல்வெட்டு ஒன்றின் எச்சம் இங்கே உண்டு. இரு கோயிலாருக்கும் நெடுங்காலமாக இருந்த வழக்கை 1245இல் போசளத் தண்டநாயகர் தீர்த்துவைத்த செய்தியும், வருவாய் எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பதும் கல்லிலேயே உள்ளன. ஆனால் பாறையைக் குடைந்தவர் எத்தனை பேர், எத்தனை ஆண்டு குடைந்தனர், அவருள் எத்தனை பேர் இருமி மெலிந்து மாண்டனர் என்பதைச் சொல்லும் எழுத்து ஒன்றும் இல்லை.

இம்மௌனம் திருமயத்துக்கு மட்டும் உரியதன்று. கல்லுக்கு ஒரு காண்டத்தையே ஒதுக்கிய பெருமை தமிழுக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கல்லைக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை விரிந்து செல்கிறது. இமயக்கல்லைத் தலையில் சுமந்த கனகனும் விசயனும் பெயரோடு நிற்கின்றனர். அக்கல்லைக் கடவுளாக்கிய கம்மியரோ குழுப்பெயரால் ஒரு தொடரில் வந்து மறைகின்றனர். சுமந்தவர் அரசர்; அதனால் பெயர் நின்றது. செதுக்கியவரின் கைத்திறன் மட்டும் நின்றது.

மேலை நாட்டில் இந்த மௌனத்தைக் கலைத்தவருள் ஒருவர் ஒரு மருத்துவர். இத்தாலியின் மோதெனா நகரில் வாழ்ந்த பெர்னார்தினோ ரமசீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் அக்கால மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, 'என்ன தொழில் செய்கிறீர்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றவர் அவர். அந்நூலில் கல்தச்சர்க்கும் ஓர் இயல் உண்டு. மாண்ட கல்தச்சரின் நுரையீரலை அறுத்தபோது மணற்குவியலை அறுப்பது போல் கத்தி உரசியது என்று தீமர்புரூக் என்ற டச்சு மருத்துவர் கண்ட செய்தியை ரமசீனி அங்கே எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் வெறும் உளியும் சுத்தியலும் கொண்டு உழைத்தவர்கள் என்பது கருதத்தக்கது. ஆகவே பழங்காலத்துச் சிற்பியர்க்கு இந்நோய் இருந்திருக்காது, இயந்திரம் வந்த பின்னரே வந்தது என்று கூறுவது பொருந்தாது. இயந்திரம் செய்தது நோயை விரைவுபடுத்தியதே.

கருங்கல் என்று பொதுவாக வழங்கும் கிரானைட் பாறையில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா கலந்துள்ளது. உளி பட்டுத் தெறிக்கும் துகளில் பெரும்பகுதி பருமனானது. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். காற்றழுத்தத் துளைக்கருவியும் கல்லரைக்கும் கிரஷரும் எழுப்பும் புழுதியிலோ, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கினும் சிறிய துகள் ஏராளம். கண்ணுக்குப் புலனாகாத அத்துகளே நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்கிறது. அங்கே உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன; செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன; மடிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. விடுபட்ட துகளை அடுத்த அணு விழுங்க, தழும்பு வளர்ந்துகொண்டே போகிறது. புழுதி குறைவான இடத்தில் பத்து, இருபது ஆண்டுகளில் வெளிப்படும் இந்நோய், மிகுந்த இடத்தில் ஐந்தாண்டுக்குள்ளும் வெளிப்படுவதுண்டு. விழுந்த தழும்பை ஆற்றும் மருந்து இன்றளவும் இல்லை.

சிலிக்கோசிஸ் என்று மருத்துவ நூலார் வழங்கும் இந்நோய்க்கு ஊரார் இட்ட பெயர் வேறு. ஈளை, இளைப்பு, காசம் என்பர். முந்திய தலைமுறையார் க்ஷயம் என்றனர். இப்பெயர் மயக்கத்துக்குக் காரணம் உண்டு. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய்க் கிருமி எளிதில் பற்றும். ஆகவே கல்லுடைப்பவர்க்குக் காசம் என்று மருத்துவர் சொன்னால் அது பொய்யன்று, பாதி உண்மை. அந்தப் பாதியில்தான் வழக்கு தோற்கிறது. காசநோய் எவர்க்கும் வரலாம். அதற்கு எந்த முதலாளியும் பொறுப்பாளி அல்லர். சிலிக்கோசிசோ தூசியின்றி வாராது. ஆகவே தூசியை எழுப்பியவர் விடை சொல்லியாக வேண்டும்.

பெயர் மாறினால் உரிமை மாறும் என்பதற்குக் கோலார் தங்கவயலே சான்று. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற மிகப் பலர் அங்கே உழைத்தமையால், அது தமிழர் வரலாறும் ஆகும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய அச்சுரங்கங்கள் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக இறங்கின. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் பதிவானது 1934இல், அங்கேதான். 1940இல் மைசூர் அரசு தனி விதிகள் வகுத்து அதை இழப்பீட்டுக்குரிய நோயாக்கியது. பின்னர் 7,653 தொழிலாளரை ஆராய்ந்து 1947இல் வெளிவந்த ஆய்வு, 3,402 பேரிடம் நோய் இருப்பதைக் காட்டியது. நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர்! அந்த எண்ணிக்கை கொடியது. ஆனால் எண்ண முடிந்தது என்பதே கருதத்தக்கது. கம்பெனியிடம் பேரேடு இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, எக்ஸ்ரே இருந்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின்னரும் சயனைட் மேடுகளின் புழுதி காற்றில் பறந்து குடியிருப்புகளில் படிந்துவந்தது தனிக்கதை.

இந்திய விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் இந்நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கின. ஏட்டளவில் இது திருமயத்துக் கல்லுடைப்பவர்க்கும் உரிய காப்பே. எனினும் நோயை அறிவிக்க ஒரு முதலாளி வேண்டும். முதலாளியிடம் வேலை செய்ததற்கு ஒரு பதிவேடு வேண்டும். உடைத்த கல்லின் அளவுக்குக் கூலி வாங்கி, குவாரிக்குக் குவாரி மாறி உழைப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

புதுக்கோட்டை மாவட்டம் இதில் ஓர் அரிய முயற்சியையும் கண்டது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கக் காலத்தில், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, கல்லுடைக்கும் ஏழைப் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விடச் செய்தார். இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற குடுமியான்மலைப் பக்கத்துப் பெண்களும் அவ்வாறு குத்தகைதாரர் ஆயினர். எழுத்தறிந்த கை கணக்கும் எழுதியது. கூலியும் மதிப்பும் உயர்ந்தன. பாறையின் இயல்பு மட்டும் மாறவில்லை. உரிமையாளராயினும் உழைப்பாளியாயினும் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான்.

பின்னர் ஆற்றுமணல் அருகி எம்-சாண்டுக்குத் தேவை பெருகவே, கிரஷர்களும் பெருகின. கல்லை ஜல்லியாக்குவதினும் மணலாக்கும்போது நுண்துகள் மிகும். குவாரிக்குள் அடங்கியிருந்த தொழில்நோய் இவ்வாறு வேலி தாண்டி, புளிய மரத்து இலையிலும் வீட்டுக் கூரையிலும் குழந்தையின் மூச்சிலும் படியத் தொடங்கியது.

உரிமம் பெறாமலோ உரிமத்தின் எல்லை மீறியோ வெட்டப்படும் குவாரி என்றால் நிலை இன்னும் மோசம். தாளில் இல்லாத குவாரியில் தாளில் இல்லாதவரே உழைப்பர். திருமயம் பகுதிக் கனிம முறைகேடுகள் குறித்து அதிகாரிகளுக்கு ஓயாமல் மனு அளித்துவந்த வெங்களூர் ஜகபர் அலி, 2025 ஜனவரி 17ஆம் நாள் லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காகப் பதியப்பட்டு, சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய மனுக்கள் நோயைப் பற்றியவை அல்ல, கல்லைப் பற்றியவை. எனினும் எடுத்த கல்லுக்குக் கணக்குக் கேட்பதும் இழந்த மூச்சுக்குக் கணக்குக் கேட்பதும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள் எனலாம்.

பதிவேடு இல்லாதவர்க்கு வழியே இல்லையா? கல் தொழில் மிகுந்த ராஜஸ்தான் மாநிலம் 2019இல் ஒரு கொள்கை வகுத்தது. தொழிலாளி தாமே பதிவு செய்துகொண்டு, மருத்துவக் குழுவின் சான்று பெற்றால் மூன்று லட்சம் ரூபாயும், அவர் இறந்த பின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும் என்று அது வரையறுத்தது. முதலாளியின் ஏட்டுக்குப் பதிலாக நோயாளியின் நுரையீரலையே ஆவணமாகக் கொண்ட முறை இது. துளையிடும் இடத்தில் நீர் பாய்ச்சித் தூசியை அடக்கும் எளிய வழியும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. அது நோய் வருமுன் செய்ய வேண்டியது.

இருமலோடு வரும் ஒருவரின் சீட்டில், தொழில் என்னும் இடத்தில் 'கூலி' என்று எழுதி நிறுத்திக்கொள்வது வழக்கம். ரமசீனி கேட்கச் சொன்ன வினா அங்கே கேட்கப்பட்டு, விடை பெறப்படாமலே போகிறது. எந்தக் குவாரி, எத்தனை ஆண்டு, துளைபோடும் வேலையா கிரஷர் வேலையா, தண்ணீர் தெளித்தார்களா என்பனவற்றையும் அந்தச் சீட்டில் எழுத இடம் உண்டு.