சூழ்நோக்கி

தா.பழூர்ப் பக்கத்துச் சோளக்கொல்லைகளில் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், நான்கு கால் நட்டு, குறுக்கே கழி பரப்பி, மேலே கீற்று வேய்ந்து, கவணும் தகர டப்பாவுமாக ஒரு பையனை ஏற்றி உட்கார வைக்கும் மேடைக்குப் பரண் என்று பெயர். சங்கப் புலவர் இதணம் என்றும் கழுது என்றும் வழங்கியதும் இதனையே. குருவி கதிரில் இறங்கியபின் கூவுபவனுக்குப் பரண் எதற்கு? வானத்தில் அது புள்ளியாய்த் தோன்றும்போதே கண்டுவிட வேண்டும் என்பதற்காகவே உயரம் தேடினார்கள்.

கிரேக்க மொழியில் ‘ஸ்கோபோஸ்’ என்னும் சொல், மேட்டில் அமர்ந்து காவல் பார்க்கும் இத்தகைய மனிதனையே குறித்தது. அம்பெய்யும் குறி என்ற அர்த்தமும் அதற்கு உண்டு. அதன் இனமான சொல்லோடு, சுற்றிலும் என்று பொருள்படும் ‘பெரி’ சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் பிறந்தது. நம் மொழியிலும் நோக்கு பார்வையாகவும் நோக்கம் குறிக்கோளாகவும் நிற்பதையும், லக்ஷ்யம் என்ற வடசொல்லும் காணத்தக்கது, எய்யத்தக்கது என இருபொருள் தருவதையும் எண்ணும்போது, மூன்று பாஷைகளும் கண்ணையும் கருத்தையும் பிரிக்க மனமின்றி நின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. தூரதிருஷ்டிக் கண்ணாடி என்று முன்னோர் எழுதியதைப் பின்வந்தோர் தொலைநோக்கி ஆக்கியபோது, கண்ணாடி என்ற ஜடப்பொருள் மறைந்து, நோக்கி என்ற கர்த்தா வந்து அமர்ந்தான். ஆகையால் பெரிஸ்கோப்பைச் சூழ்நோக்கி என்பதே எனக்கு உவப்பானது.

அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை இரண்டாம் உலக யுத்தத்து வழக்கங்களே காட்டும். நீர்மட்டத்தில் செல்லும்போது ஜெர்மானிய நீர்மூழ்கியின் மேல்தளத்தில் நால்வர் நிற்பர். ஆளுக்கு 90 பாகை, 4 மணி நேரம், கையில் இரட்டைக்குழல் தொலைநோக்கி. தன் பங்கு வானத்தையும் கடலையும் விட்டு ஒருவனும் பார்வையைத் திருப்பலாகாது. விமானம் தென்பட்டால் ஏறக்குறைய அரை நிமிஷத்துக்குள் எல்லோரும் உள்ளே குதித்துக் கப்பலும் மூழ்கியாக வேண்டும். அமெரிக்கக் கப்பல்களில் இரவுக் காவலுக்கு ஏறுபவன், இருட்டுக்குக் கண் பழகும்பொருட்டு, முன்னதாகவே சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருப்பான்.

மூழ்கியபின் பரணின் வேலை சூழ்நோக்கிக் குழலுக்கு வருகிறது. மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள பட்டகங்கள் ஒளியை இருமுறை மடக்கிக் கண்ணில் சேர்க்க, கைப்பிடிகளைப் பற்றிய தளபதி, குழல் மேலெழும்போதே குனிந்து கண்ணைப் பதித்து, அதனோடு தானும் நிமிர்ந்து, முதலில் ஒன்றரை மடங்கு உருப்பெருக்கத்தில் முழுவட்டம் சுற்றி ஆபத்தில்லை என்று தெளிந்த பிறகே, ஆறு மடங்கில் இலக்கை ஆராய்வார். சில வினாடிகளில் குழல் இறங்கிவிடும். ஏனெனில் கப்பலின் ஓட்டத்தில் குழல் நீரைக் கிழிக்கும்போது எழும் வெண்ணுரைக் கோடு, அமைதியான கடலில் வெகு தூரத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே தாக்குதலுக்கென்று தலை மெலிந்த தனிக் குழல் ஒன்று வைத்திருந்தார்கள்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் காட்சிப்பொருளாய் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா என்னும் நீர்மூழ்கியின் உள்ளே செல்லலாம். 91 மீட்டர் நீளமான அக்கப்பலுக்கு வெளியுலகைக் காட்டியவை இத்தகைய குழல்களே. அவ்வூர்த் துறைமுகத்துக்கு வெளியேதான், 1971 டிசம்பர் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட இரவில், நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி என்னும் நீர்மூழ்கி தன் மாலுமிகள் அனைவரோடும் மூழ்கியது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. நோக்கம் இருந்தும் நோக்குக்கு இலக்கு அகப்படாமலே மாண்ட அம்மனிதர்களை, எதிரிகளே ஆயினும், துயரமின்றி நினைக்க என்னால் இயலவில்லை.

நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் பாம்புத்தாராப் பறவையைப் பார்த்தவர்களுக்குச் சூழ்நோக்கியை விளக்க வேண்டியதில்லை. உடல் முழுதும் நீருக்குள் கிடக்க, மெல்லிய கழுத்து மட்டும் மேலே நீண்டு, இடமும் வலமும் ஒருமுறை திரும்பி, ஓசையின்றி உள்ளே இறங்கிவிடும். சிறிது நேரம் கழித்து, நாம் எதிர்பாராத வேறோர் இடத்தில் எழும்.