தீப்பொறியின் வழி

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினின் வலிமையையும் வேகத்தையும் பற்றி எழுதும் அளவுக்கு, அதை எரியவைக்கும் சிறு தீப்பொறியைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால், முதல் நெடும்பயணத்திலேயே அது தன் இருப்பை உணர்த்திவிட்டது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவருடைய மூன்று சக்கர வண்டியில் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உறை தேய்ந்த மின்கம்பியைக் காலுறைப் பட்டியால் சுற்றி மூடினார். உறவினரின் காரில் மின்பொறிக் கோளாறைக் கண்டறிந்தவர்களின் பட்டியல் அவரிடமிருந்தே தொடங்குகிறது எனலாம்.

அடுத்த கால் நூற்றாண்டு நம்பகமான பொறிக்கான தேடலாகவே கழிந்தது. ராபர்ட் பாஷின் பட்டறையில் காட்லோப் ஹோனால்ட் 1902இல் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரியை ஆதாரமாகக் கொண்ட முறையை வடிவமைத்தார். 1910ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அவர் வகுத்த வழியிலேயே ஓடின.

அந்த முறை எளிமையானது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் 'பாயிண்ட்' என்னும் சிறு தொடுமுனைகள் மூடும்போது காயிலில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. அவை திறந்ததும் அப்புலம் சரிய, 12 வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. பாயிண்டில் வீண்பொறி எழாமல் காத்து, அந்தச் சரிவை விரைவுபடுத்துவது கண்டென்சர். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழன்றால், இவை அனைத்தும் நொடிக்கு நூறு முறை நிகழவேண்டும்.

உத்தரபாராவில் உருவாகி, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும் இம்மரபைச் சேர்ந்ததே. என் சித்தப்பாவிடம் அத்தகைய பழைய வண்டி ஒன்று இருக்கிறது. காலையில் தயக்கமின்றிக் கிளம்பும். இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடும். ஆறிய பின் மீண்டும் ஓடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை.

ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து, முதலில் நிற்கும் விதத்தையே கேட்டறிந்தார். பெட்ரோல் போதாமல் நிற்கும் எஞ்சின் பெரும்பாலும் இருமித் திணறி அடங்கும். மின்சாரம் அறுந்தால் சட்டென நிற்கும். இது இரண்டாம் வகை. வண்டி நின்ற நிலையில் காயில் வயரைப் பிடித்துச் சுழற்றச் செய்தபோது நீலப்பொறிக்குப் பதில் மெலிந்த மஞ்சள் பொறியே வந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், பாயிண்டில் பளீரென்று வீண்பொறி. முனைகளில் கருகிய குழி. சூடேறியதும் கசியும் கண்டென்சரே காரணம் என்றார். மூன்று மாதத்துக்கு முன்தான் மாற்றிய புதிய உதிரிபாகம் அது.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டார். சித்தப்பா அதைத் தகர டப்பாவில் வைத்திருந்தார். முனைகளைச் சுத்தம் செய்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்து, பழைய கண்டென்சரைப் பூட்டியதும் வண்டி சூட்டிலும் நிற்காமல் ஓடியது.

பழையது எல்லாம் மேலானது என்பதல்ல இதன் பொருள். இன்றைய எலக்ட்ரானிக் பொறிமுறையில் தேயும் பாயிண்டே இல்லை. பொறி துல்லியமானது, புகையும் குறைவு. கேள்வி வேறு. புதிய பாகம் என்பதாலேயே அதை நல்ல பாகம் என்று நம்பாமல் அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கி நடக்கும் அந்த ஒழுங்கு, எந்தக் கையேட்டிலும் படித்துத் தேறியதல்ல; பட்டறையில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தது. பாயிண்ட் வைத்த வண்டிகள் அருகும்போது அவ்வறிவைப் பெற்றுக்கொள்ளும் கைகளும் அருகுகின்றன. கெட்டரிங்கின் கண்டுபிடிப்பு காப்புரிமை ஏடுகளில் பத்திரமாக இருக்கிறது. அதை நம் ஊர்களில் அரை நூற்றாண்டு ஓடவைத்தவர்களின் அறிவைத் தமிழில் எழுதிவைக்க வேண்டியது, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை.