செண்பகத் தோப்பும் முருக்கமரத் துறையும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிந்து மலையடிவாரம் தொடங்குகின்ற எல்லையில், சாம்பல் நிற அணில்கள் கிளைக்குக் கிளை தாவுவதையும் காட்டழகரைச் சேவிக்கப் போகிறவர்கள் கும்பல் கும்பலாக மலையேறுவதையும் பார்த்துக்கொண்டு செண்பகத்தோப்பில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சீன தேசத்தின் ஞாபகம் வருவதற்கு நியாயம் ஒன்றுமில்லை. ஆயினும் எனக்கு வருகிறது. இந்த இடத்தைப் போலவே ஒரு மரத்தின் பெயரால் உலகமெல்லாம் அறியப்பட்டிருந்த மாநகரம் ஒன்று சீனத்தின் தென்கீழ்க் கரையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் எதிரே நிற்கின்ற இந்த மலை. எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்நகரத்தில் கப்பலேறி வந்த, சீனச் சக்கரவர்த்தியின் தூதன் ஒருவன், இம்மலைத்தொடரைத் தாண்டிக் கொல்லம் போக வழி கேட்டு, பாண்டிய நாட்டு மந்திரிகளால் மறுக்கப்பட்டு நின்றான்.

அந்நகரத்தின் பெயர் சுவான்சௌ. பத்தாம் நூற்றாண்டில் அதை ஆண்ட லியூ சோங்சியாவ் என்பவர் மதிலை விரிவாக்கியபோது அதைச் சுற்றி வரிசை வரிசையாக நடுவித்த மரங்களால் அதற்குச் ‘சிதோங்’ என்ற மறுபெயர் வழங்கலாயிற்று. அந்தச் சொல் அராபிய மாலுமிகளின் வாயில் ‘ஜெய்த்தூன்’ ஆயிற்று. அவர்கள் பாஷையில் அது ஒலிவ மரத்தைக் குறிப்பதாகையால், பெயர்தான் ஜெய்த்தூன், ஊரில் ஒலிவ மரம் ஒன்றுகூட இல்லை என்று பிற்காலத்து யாத்திரிகர் ஒருவர் எழுதி வைக்க நேர்ந்தது. உண்மையில் அந்த மரம் நமக்கு அந்நியமானதன்று. சங்கப் புலவர்கள் முருக்கு என்று பாடியதும், நம் பாட்டிமார்கள் சளிக்கும் இருமலுக்கும் இலையைப் பறித்து அரைத்து அடையாகத் தட்டிப் போடுகிற கல்யாண முருங்கையும் அதுவேதான். இலையெல்லாம் உதிர்ந்த கிளையில் நெருப்புப் பற்றியது போல் சிவந்து பூக்கும் அம்மரங்கள் மதிலோரம் நிற்கக் கண்ட தமிழ் வியாபாரி, மொழி தெரியாத அந்த ஊரில் கால் வைத்த முதல் நாளில், மரத்தையாவது அடையாளம் கண்டு மனம் ஆறியிருப்பான்.

அந்த முதல் நாள் அவனுடைய விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. காற்றைக் கேட்டு வருவது. தென்மேற்குக் காற்றில் போய்ச் சேர்ந்தவன், வாடைக்காற்று எழும் வரை அங்கேயே தங்க வேண்டும். சுவான்சௌவுக்கு அருகேயுள்ள ஜியூரி என்னும் குன்றில் ராஜாங்க உத்தியோகஸ்தர்களே கூடிக் கப்பல்களுக்கு நல்ல காற்று வேண்டிப் பிரார்த்தனை செய்து, செய்த நாளையும் தங்கள் பெயர்களையும் பாறையில் வெட்டி வைத்தார்கள். 1174 முதல் 1266 வரையிலான அத்தகைய எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன. காற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களே வந்தவர்களைக் குடிகளாக்கின. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனச் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பியதைச் சரித்திர நூல்கள் எடுத்துப் பேசுகின்றன. ஆனால் தூதர்கள் காணிக்கை வைத்து, மரியாதை பெற்றுத் திரும்பிவிடுகிறவர்கள். நகரத்தை அறிகிறவன் சாக்கு மூட்டையோடு இறங்கிச் சுங்கத்தில் நிற்கிறவனே.

சுங்கத்தின் முறை கண்டிப்பானது. முத்து, கற்பூரம் போன்ற உயர்ந்த சரக்கில் பத்தில் ஒரு பங்கும் தாழ்ந்த சரக்கில் பதினைந்தில் ஒரு பங்கும் எடுத்துக்கொள்வது மங்கோலியருடைய யுவான் ஆட்சியின் விதி. கப்பலில் ஏறிய ஆள்களின் பெயர்கள் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்; திரும்பி வந்தபோது தலை ஒன்று குறைந்தால் தலைவன் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவு காவலுக்கும் காரணமான பெருஞ்சரக்கு மிளகு. அலெக்சாந்திரியாவுக்கு மிளகோடு ஒரு கப்பல் போனால் ஜெய்த்தூனுக்கு நூறு கப்பல் போகும் என்றார் மார்கோ போலோ. அவர் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாங்க வேண்டும் என்பார்கள். எனினும் 1974இல் அத்துறையின் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பலின் அடித்தட்டில் சந்தனம், சாம்பிராணி முதலிய வாசனைச் சரக்குகளோடு மிளகும் கிடந்தது.

சுங்கம் கழித்து நகருக்குள் நடந்தால், காய்யுவான் என்னும் பௌத்த ஆலயத்தின் இரட்டைக் கற்கோபுரங்கள் முதலில் கண்ணில் படும். ஒன்று 1237இலும் மற்றொன்று 1250இலும் முடிந்தன. உயர்ந்த கோபுரம் 150 அடிக்குச் சற்று மேல்; நம் ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி என்பதை ஊர்ப்பற்றின் காரணமாக இங்கே சொல்லிக்கொள்கிறேன். 1009இல் எழுந்த மசூதி ஒன்று இருந்தது. அதற்கும் முன்பே, 980களில், கடல் வழியாக வந்த இந்தியத் துறவி ஒருவர், அந்நிய வியாபாரிகள் காணிக்கையாகக் குவித்த பொன்னைக் கொண்டு தென்புறத்தில் பௌத்தப் பள்ளி ஒன்று கட்டினார். 1225இல் அத்துறையின் அதிகாரியாக இருந்த சாவ் ருகுவா, மலையாளக் கரையைச் சேர்ந்த ஒரு தகப்பனும் மகனும் நகரின் தெற்கே குடியிருப்பதைத் தம் நூலில் குறித்திருக்கிறார்.

அந்த ஊரில் தம் முதல் நாள் எப்படிக் கழிந்தது என்பதை எழுதி வைத்தவர் தமிழரல்லர். ஆனால் தமிழ்நாட்டில் இருந்து, இங்கே மதுரையில் ஆண்ட சுல்தானின் மனைவிக்குச் சகோதரியான பெண்ணைத் தாமும் மணந்திருந்தவர். மொராக்கோ தேசத்து இபின் பதூதா, டெல்லி சுல்தானின் காணிக்கைகளோடு சீனத்துக்குப் புறப்பட்டு, கோழிக்கோட்டுக் கரையில் கப்பல் உடைந்து எல்லாம் போய், மாலத்தீவும் இலங்கையும் சுற்றி மதுரைக்கு வந்து, கொள்ளை நோயில் மதுரை மடிவதைக் கண்ணால் கண்டு, பிறகு 1345ஐ ஒட்டிய காலத்தில் ஜெய்த்தூனில் இறங்கினார். இறங்கிய அன்றே அவர் எதிரில் வந்தவர், முன்பு சீனத்திலிருந்து டெல்லிக்குத் தூதராக வந்து, இவரோடு கூடத் திரும்பும் வழியில் கப்பலைப் பறிகொடுத்த அதே பிரபு. அவர் இவரைச் சுங்கத் தலைவரிடம் அழைத்துப் போய், நல்ல வீடொன்றும் ஏற்படுத்தினார். பின்பு அர்தபீல் ஊர்க் காஜியும் இஸ்பஹான் ஊர்ப் பெரியவர் ஒருவரும் பார்க்க வந்தார்கள். கூடவே தப்ரீஸ் ஊர் வியாபாரி ஒருவரும் வந்தார். இபின் பதூதா இந்தியாவுக்கு வந்த புதிதில் கடன் வாங்கியது இவரிடந்தான். இபின் பதூதா சீனத்தை மிதிக்கவே இல்லை என்று வாதிடும் பண்டிதர்கள் உண்டு. துறையில் நூறு பெரிய மரக்கலங்கள் நின்றன என்பதையும் பட்டு மலிந்து கிடந்தது என்பதையும் பிறர் வாயால் கேட்டு எழுதியிருக்கலாம்தான். ஆனால் உலகத்தின் மறுகோடியில் தமக்குக் கடன் கொடுத்தவரையே எதிர்ப்பட்டதாகக் கட்டுக்கதை செய்வானேன் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழன் தன் பங்குக்கு எழுதி வைத்தது ஒரு கல்லில். 1956இல் அகப்பட்ட அக்கல்லில் தமிழ் எழுத்தும், இறுதியில் ஒரு வரி சீன எழுத்தும் இருக்கின்றன. சக வருஷம் 1203, சித்திரை மாதம். அதாவது 1281ஆம் ஆண்டு. செகசைகானுடைய திருமேனி நலத்தின் பொருட்டு, அவருடைய பர்மான் என்னும் ஆணையின்படி, சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் சாரம். செகசைகான் என்பது, அப்போது சீனத்தை ஆண்ட குப்ளாய்கானுக்கு மங்கோலியர் வழங்கிய செச்சென்கான் என்ற பட்டப்பெயரின் தமிழ் வடிவம் என்பர். கோயிலின் பெயரையே ‘கானீச்சுரம்’ என்று படித்த ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அது சரியானால், தஞ்சையில் ராஜராஜீச்சுரம் எடுத்த வழக்கத்தைக் கைவிடாமல், புல்வெளியில் குதிரையேறி வளர்ந்த மங்கோலியனையும் ஈசுவரப் பெயருக்குள் நம்மவர் அடக்கிவிட்டார்கள்.

கோயில் நிற்கவில்லை. 1357 முதல் 1366 வரை நகரத்தை அலைக்கழித்த பாரசீகப் படையினரின் கலகத்தோடு அந்நியர் வாழ்வு அங்கே முடிந்தது. கோயிற் கற்கள் மதிலுக்கும் பாலத்துக்கும் போயின. மிங் காலத்துத் திருப்பணியில் பதினாறு பட்டை கொண்ட தூண்கள் இரண்டு காய்யுவான் ஆலயத்தின் பின்புறத்தில் வைக்கப்பட்டன. அவற்றில் நரசிங்கம் இருக்கிறது, காளிங்கன்மேல் ஆடும் கண்ணன் இருக்கிறான். ஆய்ச்சியர் ஆடையைக் கவர்ந்து மரமேறிய கண்ணனும் இருக்கிறான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கூறையைத் தந்தருளும்படி யாரிடம் மன்றாடினாளோ அவன், அவள் பிறந்த ஊருக்கு அவ்வளவு தூரத்தில், புத்தர் சந்நிதிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. சுவான்சௌவை அடுத்த செதியன் என்னும் கிராமத்தில் நம் சிற்ப மரபில் அமைந்த தேவி ஒருத்தியைக் குவான்யின் என்னும் பௌத்த தேவியாகக் கொண்டு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்.

இனி மலைக்கு வருகிறேன். குப்ளாயின் தூதனான யாங் திங்பி அதே 1281இன் தொடக்கத்தில் சுவான்சௌவில் கப்பலேறி, மூன்று மாதம் சென்று இலங்கையை அடைந்தான். அவன் போக வேண்டியது கொல்லம். காற்று எதிர்த்தது, அரிசியும் தீர்ந்தது. பாண்டிய நாட்டில் இறங்கினால் தரை வழியாகக் கொல்லம் சேரலாம் என்று மாலுமிகள் யோசனை சொன்னார்கள். சீனருடைய நான்காம் மாதத்தில், ஏறக்குறைய அங்கே சிவனை எழுந்தருளச் செய்த அதே சித்திரையில், அவன் நம் கரையில் இறங்கினான். மந்திரி ஒருவர் வந்து உபசரித்து, எங்கள் கப்பல்கள் சுவான்சௌவுக்கு வரும்போது உங்கள் அதிகாரிகள் ஆதரவாக நடத்துகிறார்கள், அதற்குக் கைம்மாறு செய்யவில்லையே என்று உருகினார். வழி கேட்டபோது மட்டும், மலைப்பாதை அடைபட்டிருக்கிறது என்றார். பு அலி என்னும் மற்றொரு மந்திரியும் வேறொரு சாக்குச் சொன்னார். மறுமாதம் இருவரும் விடியலில் தூதனுடைய விடுதிக்கு வந்து, ஆட்களை விலக்கிவிட்டு ரகசியத்தை உடைத்தார்கள்: அரச சகோதரர் ஐவரும் காயலில் கூடிக் கொல்லத்தின்மேல் படையெடுக்க ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அடைபட்டிருந்தது பாதையன்று. அப்போது பாண்டிய சிங்காதனத்தில் இருந்தவர் மாறவர்மன் குலசேகரர்; ஐந்து சகோதரர் என்ற செய்தியை மார்கோ போலோவும் சொல்கிறார். யாங் திங்பி காத்திருந்து, வாடைக்காற்று வீசியபின் கடல் வழியாகவே, அடுத்த ஆண்டு கொல்லம் சேர்ந்தான்.

அந்த விடியற்காலைப் பேச்சைச் சீனச் சரித்திரம் விசுவாசமாகக் கொள்கிறது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ராஜத் துரோகம். பு அலி 1291இல் சீனத்துக்கே ஓடிப்போனார். குப்ளாய் அவருக்குக் கொரிய தேசத்துப் பெண் ஒருத்தியை மணம் செய்வித்தார். 1299இல் தலைநகரில் இறந்த அவருடைய உடலைச் சுவான்சௌவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலை இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி வழியாக, இந்த மலையை வலக்கையில் வைத்துக்கொண்டே தெற்கே ஓடி, செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாயில் மேற்கே திரும்புகிறது. அக்கணவாயில் 1904இல் ரயிலும் வந்துவிட்டது. செண்பகத்தோப்பிலிருந்து இருட்டுவதற்குள் ஊர் திரும்புகிறவர்கள் அந்தச் சாலையைக் கடக்கையில், கொல்லத்துக்கு லோடு ஏற்றிய லாரிகள் போகும் வரை கொஞ்ச நேரம் ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது.