போடி மலையும் குதிரைச் சேணமும்

மூணாறு போகிற வழியில் போடிமெட்டு கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தி, கீழே தெரியும் போடிநாயக்கனூரைப் பார்த்திருப்பீர்கள். நாம் காரில் ஏறிவிடும் இந்த மலையைச் சாலை வருவதற்கு முன் சரக்கு எப்படிக் கடந்தது?

தேயிலைக் கதை பலருக்குத் தெரியும். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று தரையில், இழுத்தது மாடு! 1908-ல் அது நீராவி ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான்.

ஆனால் இதெல்லாம் பெரிய தோட்டங்களின் வசதி. சரிவுகளில் சிதறிக் கிடந்த சிறு தோட்டங்களின் ஏலக்காயும் காப்பியும் மிளகும் தலைச்சுமையாகவும் பொதி விலங்குகளின் முதுகிலும்தான் இறங்கின. இன்றும் போடி மலையில் சாலை இல்லாத ஊர்களுக்கு அரிசி, பருப்பு ஏறுவதும் விளைச்சல் இறங்குவதும் குதிரை முதுகில்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான் போகிறது. நம் சமையலறை ஏலக்காய்க்கும் குதிரைக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு.

இங்கே சேணம் சாதாரண விஷயம் இல்லை. குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அங்கே எலும்புக்கு மேல் சதை மிகக் குறைவு. பாரம் அதன்மேலும் முதுகெலும்பின்மேலும் உட்காரக் கூடாது. இருபக்கச் சதையில் பரவி நிற்க வேண்டும். ஏறும்போது சேணம் பின்னால் வழுக்கும், அதற்கு மார்புப் பட்டை. இறங்கும்போது முன்னால் சரிந்து அந்த மேட்டை அழுத்தும், அதற்கு வால் பக்கம் பிடித்து நிறுத்தும் வார். விளைச்சல் முழுக்க மேலிருந்து கீழே வரும் மலை என்பதால், போடிக் குதிரைக்கு இந்த இரண்டாவது ஆபத்துதான் அதிகம் என்பது என் எண்ணம். மூட்டைகள் இருபக்கமும் சம எடையாக இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு புண் வந்தால் அது ஆறும் வரை குதிரைக்கு வேலை இல்லை, குதிரைக்காரருக்கும் வருமானம் இல்லை. கூலிக்காகப் புண்ணின் மேலேயே பாரம் ஏற்றுவதும் உண்டு. அதுதான் கொடுமை.

இதற்குச் சட்டமே இருக்கிறது. 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-ல் பார விலங்குகளுக்கென விதிகள் வந்தன. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்று அவை உச்சவரம்பு வைத்தன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. சேணத்துக்குத் தனியாகவே ஒரு விதி: அதன் வளைவுக்கும் நான் சொன்ன அந்த மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே விடுமுறையில் கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளை குதிரைச் சவாரி கேட்டு அடம்பிடித்தால், ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். குதிரைக்காரரிடம் கேட்டு, சேணத்தின் முன்வளைவுக்குக் கீழே இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். பிள்ளை ஏறிய பிறகும் அந்த இடைவெளி இருக்க வேண்டும். சேணம் படும் இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை முடி இருந்தால், அநேகமாக அது பழைய புண்ணின் தழும்பு. சேணத்தைக் கழற்றும்போது முதுகு முழுக்க வேர்த்திருந்து, நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே சேணம் சரியாகப் படியவில்லை என்று சந்தேகப்படலாம். கோடையில் தீவனம் குறைந்து குதிரை இளைத்தால், போன மாதம் பொருந்திய சேணம் இந்த மாதம் பொருந்தாது.